அரை மில்லிகிராம் பயம்

"மாத்திர துன்றவ பால் குடுக்கக் கூடாதும்மா. புள்ளைக்கு எறங்கிடும்."

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சல் கண்டால் இப்படிச் சொல்வதற்கு ஓர் அத்தையோ பெரியம்மாவோ அருகில் இருப்பார். மலையிறங்கிப் போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ போனால் மருந்துக் கடைக்காரர் அதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்வார்: "அஞ்சு நாள் கோர்ஸும்மா. முடியிற வரைக்கும் பால் குடுக்காம இருந்துக்க, பவுடர் வாங்கிக்க." சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் கணினிப் பொறியாளருக்கு இதே அறிவுரை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து சேரும், இரண்டு கும்பிடு பொம்மையோடு. மலைமக்கள் அறியாமையில் இருக்கிறார்கள் என்று பேசுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இந்த விஷயத்தில் மலையும் சமவெளியும் ஒன்றுதான்.

முழுப் பொய்யாக இருந்திருந்தால் பகுத்தறிவு பேசுகிறவனுக்கு வேலை சுலபம். ஆனால் அத்தை சொல்வது பாதி உண்மை. தாய் விழுங்கும் மருந்து பாலில் இறங்கத்தான் செய்கிறது. 1930களின் கடைசியில், சல்ஃபா மருந்துகள் புழக்கத்துக்கு வந்த கையோடு, அவை தாய்ப்பாலில் வருகின்றனவா என்று பார்த்து, வருகின்றன என்று எழுதியும் வைத்துவிட்டார்கள். பிறகு வந்த பெனிசிலினும் இறங்கும், அமாக்ஸிசிலினும் இறங்கும். அத்தைக்கு இருக்கும் சந்தேகம்தான் ஆராய்ச்சிக்காரனுக்கும் இருந்தது. அவன் கூடுதலாக ஒன்று கேட்டான்: எவ்வளவு இறங்குகிறது?

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கிராம் அமாக்ஸிசிலினை ஒரே வேளையில் விழுங்கிய தாய்மாரின் பாலை மணிக்கணக்காக எடுத்து அளந்திருக்கிறார்கள். மருந்து உச்சத்துக்கு ஏறி நின்ற நேரத்திலும் பாலில் சராசரியாக லிட்டருக்கு 0.9 மில்லிகிராம்தான் இருந்தது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் நான்கு கிலோ குழந்தை ஒரு நாளில் ஏறக்குறைய 600 மில்லி குடிக்கும். இருபத்துநான்கு மணி நேரமும் பால் அந்த உச்ச அளவிலேயே இருப்பதாக வைத்துக்கொண்டாலும் (அப்படி இருக்காது) குழந்தையின் வயிற்றுக்குப் போவது அரை மில்லிகிராமும் கொஞ்சமும். இதே குழந்தைக்கு நோய் கண்டு இதே மருந்தை மருத்துவர் எழுதினால் நாளொன்றுக்கு 120 மில்லிகிராம் வரை எழுதுவார். பால் வழியே போவது அதில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை.

மருத்துவர்கள் இதற்கு ஓர் அளவுகோலும் வைத்திருக்கிறார்கள். தாய் தன் எடையில் கிலோவுக்கு எவ்வளவு மருந்து எடுத்தாள், பால் வழியே குழந்தைக்கு அதன் எடையில் கிலோவுக்கு எவ்வளவு போனது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. பின்னது முன்னதில் பத்து சதவீதத்துக்குள் இருந்தால், மருந்து தன்னளவில் கடும் நச்சாக இல்லாத பட்சத்தில், பொதுவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அமாக்ஸிசிலின் ஒரு சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. இதெல்லாம் ரகசியமும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து, பாலூட்டும் தாய்க்கு எந்த மருந்து தரலாம், எதைத் தவிர்க்கலாம் என்று அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலையே வரிசையாகப் பார்த்து 2002இல் ஒரு கையேடு போட்டன. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகத்தின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு தரவுத்தளம் இருக்கிறது. காசு கேட்பதில்லை, கைபேசியிலேயே பார்க்கலாம். மலையில் சிக்னல் கிடைக்காத ஊர்கள் உண்டு, அத்தை பார்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். போளூர்க் கடைவீதியில் சிக்னல் நன்றாகவே கிடைக்கிறது.

இதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று தொலைதூர விண்மீன் ஒன்றை யுரேனஸ் மறைக்கப்போகும் நேரம் பார்த்து, அந்த விண்மீனின் ஒளி கொஞ்ச நேரம் மங்கி மங்கி மீண்டதை வானியலாளர்கள் பதிவு செய்தார்கள். கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரிந்த நாள் அது. பதிவு செய்தவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒளி ஒரு துளி குறைந்ததை அளக்க முடிந்த மலையில், ஒரு பெண்ணின் பாலில் இருக்கும் மருந்து எவ்வளவு என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை.

பாலுக்குள் மருந்து எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் பயம் பாதி கரைந்துவிடும். மார்புக்குள் பால் ஊறும் நுண்ணிய பைகளைச் சுற்றி ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டிக்கொண்ட மருந்து அங்கேயே நின்றுவிடும். ஒட்டாமல் திரியும் பங்குதான் பாலுக்குள் நுழையும். மூலக்கூறு பெரிதாக இருந்தால் நுழைவது கடினம். கொழுப்பில் கரைகிற மருந்து சுலபமாகப் போகும். ரத்தத்தைவிடப் பாலில் அமிலத்தன்மை சற்றே கூடுதல் என்பதால் எரித்ரோமைசின் மாதிரியான காரத்தன்மையுள்ள மருந்துகள் உள்ளே வந்து கொஞ்சம் தங்கும். நுழைந்ததெல்லாம் பிள்ளையின் உடம்பில் சேரும் என்றும் இல்லை. ஜென்டாமைசினை மருத்துவமனையில் ஊசியாகவே போடுவதற்குக் காரணம், வாய்வழியே போனால் குடல் அதை அநேகமாக உறிஞ்சாது என்பதுதான். பாலோடு போகும் துளியளவு ஜென்டாமைசினும் குழந்தையின் குடல் வழியே வெளியேறிவிடும். பிரசவமான முதல் சில நாள்களில் பால் பைகளின் செல்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் மருந்து கொஞ்சம் தாராளமாக நுழையும் என்பது உண்மை. ஆனால் அப்போது சுரக்கும் சீம்பாலே நாளுக்குச் சில கரண்டி அளவுதான்.

இன்னொன்று. மருந்து பாலுக்குள் போய் அங்கேயே உட்கார்ந்துகொள்வதில்லை. ரத்தத்தில் அளவு குறையக் குறைய, பாலில் இருப்பதும் வந்த வழியே ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகமும் ஈரலும் அதைக் கழித்துவிடும். ஆகவே "மாத்திரை போட்ட பாலைப் பிழிஞ்சு கொட்டிடு" என்கிற அறிவுரையால் மருந்து சீக்கிரம் வெளியேறப் போவதில்லை. வெளியேறுவது பால்தான். இப்படிக் கொட்டச் சொல்கிறவர்களில் பெரிய படிப்புப் படித்தவர்களும் உண்டு. பரிகாரம் சொல்வதில் சாமியாடிக்கு இவர்கள் சளைத்தவர்களில்லை.

இப்போது மலையில் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். பிள்ளை பிறந்து மூன்று வாரம். காம்பில் வெடிப்பு. கொடுக்கும்போது உயிர் போகிற வலி, அதனால் அந்தப் பக்கம் கொடுப்பதைக் குறைக்கிறாள். பால் கட்டிக்கொள்கிறது. மார்பின் ஒரு மூலை கல்லாக இறுகி, ஆப்பு வடிவத்தில் சிவந்து, தொட்டால் சுடுகிறது. சாயங்காலம் குளிர் நடுக்கம், பிறகு காய்ச்சல். வெடிப்பின் வழியே தோலில் இருந்த கிருமி உள்ளே போயிருக்கிறது. இதற்குப் பெரும்பாலும் க்ளாக்சசிலின் வகை மருந்து போதும். அதைவிட முக்கியமான சிகிச்சை ஒன்று உண்டு: பாலை எடுத்துவிடுவது. அதைக் குழந்தையைவிடச் சிறப்பாகச் செய்ய எந்தக் கருவியும் இல்லை. மார்பழற்சி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2000இல் வெளியிட்ட அறிக்கை இதைத் திட்டவட்டமாகச் சொல்கிறது: பாலூட்டுவதைத் தொடருங்கள், நிறுத்தினால் சீழ்க்கட்டி வரும் வாய்ப்புக் கூடும்.

நம் பெண்ணுக்குக் கிடைக்கும் அறிவுரையோ நேர் எதிர். மாத்திரை விழுங்குகிறாள், பால் கொடுப்பதை நிறுத்துகிறாள். நிறுத்தியதால் பால் மேலும் கட்டுகிறது. அல்லது பிள்ளையை நினைத்து மாத்திரையைச் சேலை முந்தியில் முடிந்து வைத்துவிட்டு, வலியோடு பாலூட்டுகிறாள். இரண்டில் எது நடந்தாலும் முடிவு சீழாகலாம், கத்தியாகலாம். அதற்கு மலையிறங்க வேண்டும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சரியான சாலை இல்லாமல் மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் இறந்ததும், திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, தாய் அந்த உடலைச் சுமந்து மலையேறியதும் செய்தித்தாளில் வந்தன. தவறான அறிவுரைக்குச் சென்னையில் ஒரு விலை, மலையில் வேறு விலை.

குழந்தைக்கு என்ன ஆகிறது? பால்மாவு டின்னின் விலை மலைக்கூலிக்குக் கட்டுபடியாகாது; இரண்டு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒன்று போடுவார்கள், அது இரண்டு வாரம் வரட்டுமே என்று. தண்ணீர் ஊற்றிலிருந்தோ தொட்டியிலிருந்தோ வந்திருக்கும். புட்டியைக் கொதிக்க வைக்க வேளைக்கு வேளை விறகு வேண்டும். இதையெல்லாம் ஒரு மருத்துவர் எப்போதோ பச்சையாகச் சொல்லிவிட்டார்: சிசிலி வில்லியம்ஸ், 1939இல், சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில். கைக்குழந்தைக்குப் பொருந்தாத டின் பாலை விற்பதற்கு அந்தப் பெண்மணி வைத்த பெயர் கொலை. தாய்ப்பால் பெறாத குழந்தைகள் முதல் இரண்டு மாதத்தில் தொற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு, பெறும் குழந்தைகளைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு என்று, பல ஏழை நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2000இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு காட்டியது.

அடுத்து நடப்பதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. புட்டிப்பால் குடித்த குழந்தைக்கு வயிற்றோட்டமோ சளிக்காய்ச்சலோ வருகிறது. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கே குழந்தைக்கே ஆன்டிபயாட்டிக் சிரப் எழுதுகிறார்கள், பல நேரம் தேவையில்லாமலேயே. இப்போது குழந்தையின் வயிற்றுக்குள் முழு 120 மில்லிகிராம் போகிறது. அரை மில்லிகிராமுக்குப் பயந்து பாலை நிறுத்திய அதே குடும்பம், அதே மருந்தைப் பாலாடையில் ஊற்றி, மூக்கைப் பிடித்துப் புகட்டுகிறது. அப்போது யாரும் "புள்ளைக்கு ஆவாது" என்று சொல்வதில்லை.

பாலை நிறுத்தச் சொன்னவருக்கு இதில் என்ன நட்டம்? ஒன்றும் இல்லை. பால் குடித்த குழந்தைக்கு ஒருமுறை பேதியானால், "நீங்கதான் குடுக்கச் சொன்னீங்க" என்று கடை வாசலில் வந்து நிற்பார்கள். பால் நிறுத்திய குழந்தை ஒரு மாதம் கழித்து வயிற்றோட்டத்தில் செத்தால் யாரும் அவர் வாசலுக்கு வரமாட்டார்கள். விதி என்பார்கள், சீர் தட்டிவிட்டது என்பார்கள். எச்சரிக்கை செய்த பெருமை அவருக்கு, அந்த எச்சரிக்கையின் செலவு குழந்தைக்கு. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளிலும் இதே தந்திரம்தான். பாலூட்டும் தாய்மாரை மருந்துச் சோதனைகளில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. சேர்க்காததால் தரவு இல்லை. தரவு இல்லாததால், பாலூட்டுவோர் தவிர்ப்பது நலம் என்று ஒரு வரி. அந்த வரி காப்பாற்றுவது கம்பெனியின் வழக்கறிஞரை. அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டு மருத்துவரும் சொல்கிறார், கடைக்காரரும் சொல்கிறார். பால்மாவு விளம்பரத்துக்கு 1992இல் சட்டம் போட்டுக் கடிவாளம் இட்டார்கள், 2003இல் இன்னும் இறுக்கினார்கள். கல்லாவுக்குப் பின்னாலிருந்து வரும் ஒற்றை வாக்கியத்தை யார் பிடிப்பது?

இந்தப் பயம் எவ்வளவு பொய்யானது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே மாபெரும் சான்று தினமும் நடக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவம் அறுவை மூலம். அறுவைக்கு முன் தாய்க்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவது உலகெங்கும் விதி. ஆக, நம் மாநிலத்துக் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் குடிக்கும் முதல் சொட்டுச் சீம்பாலே ஆன்டிபயாட்டிக் கலந்த ரத்தத்திலிருந்து ஊறியதுதான். அப்போது செவிலியர் வந்து "சீக்கிரம் பால் வை" என்று அதட்டுகிறார், சரியாகவே. அந்த அதட்டலைக் கேட்டுப் பாலூட்டிய அதே தாய் ஒரு மாதம் கழித்து மாத்திரை வாங்கப் போகும்போது பால் நஞ்சாகிவிடுகிறது.

பயம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருப்பதும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு உருட்டிக் கொடுக்கும் பிரசவ லேகியத்தில் என்னென்ன சேர்கிறது, அதில் எது பாலில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தவர் யார்? யாரும் கேட்பதில்லை, வேர் என்றால் சாது, மாத்திரை என்றால் நஞ்சு. வெற்றிலையோடு புகையிலை அடக்கிக்கொள்ளும் பெண்களின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பாலில் நிக்கோட்டின் அதிகமாக இருக்கும், இது அளந்து பார்த்த செய்தி. அதற்காகப் பாலை நிறுத்தச் சொன்ன மாமியாரைக் காட்டுங்கள். (நிறுத்த வேண்டியது புகையிலையை, பாலை அல்ல. கூடவே திண்ணையில் பீடி வலிக்கும் புருஷனையும் கொஞ்சம் தள்ளி உட்கார வைக்கலாம்.)

பகுத்தறிவு பேசும் நம் தோழர்கள் சிலருக்கும் சொல்ல வேண்டும். சீம்பாலைக் கறந்து கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்த பாட்டியைப் பற்றிக் கூட்டம் போட்டுச் சிரித்திருக்கிறோம். கழுதைப் பாலுக்குச் சங்கோடு நிற்கும் தாய்மாரைக் கேலி செய்திருக்கிறோம். நம் வீட்டு மருமகள் அஸித்ரோமைசின் மூன்று நாள் சாப்பிட்டபோது டின் வாங்க ஓடியதும் நாம்தான். ஆங்கிலப் பெயரோடு வந்தால் மூடநம்பிக்கை அறிவியலாகிவிடுமா? பாட்டி சொன்னதெல்லாம் மூடத்தனம் என்று ஒதுக்குவதும் அதே சோம்பேறித்தனம்தான். பிள்ளையை இழந்தவளுக்குப் பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். மலைக்கு அந்தப் பக்கம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அதைச் சோதித்தே பார்த்தார்கள். பால் வற்றுவதற்கான புரோமோகிரிப்டின் மாத்திரையோடு பூவை ஒப்பிட்டு, ரத்தத்தில் பால் சுரப்பு ஹார்மோனை அளந்து, 1988இல் வெளியிட்டார்கள். ஹார்மோனை அதிகம் இறக்கியது மாத்திரைதான். ஆனால் பால் வற்றுவதிலும் மார்புக் கட்டு தணிவதிலும் பூ மாத்திரைக்குச் சமமாக நின்றது. பாட்டி ஜெயித்தாள். சோதித்ததால் ஜெயித்தாள்.

சரி, எல்லா மருந்தும் சாதுவா? இல்லை. குளோராம்ஃபெனிக்கால் பாலூட்டும் தாய்க்கு வேண்டாம். கோட்ரைமாக்சசோல் போன்ற சல்ஃபா மருந்துகளைக் குறைமாதக் குழந்தை, மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங்குழந்தை, ஜி6பிடி என்னும் நொதி குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் தவிர்க்க வேண்டும். மெட்ரோனிடசோல் மற்றவற்றைவிடப் பாலில் கூடுதலாக வருகிறது. வழக்கமான அளவில் கொடுக்கும்போது பொதுவாகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு கிராமை ஒரே வேளையில் விழுங்க வேண்டி வந்தால் மட்டும் 12 முதல் 24 மணி நேரம் பால் கொடுக்காமலிருக்கச் சொல்வார்கள். அதற்கு முன்பே பாலை எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிறந்து சில வாரமே ஆன குழந்தையின் தாய்க்கு எரித்ரோமைசின் எழுதுமுன் மருத்துவர் ஒருமுறை யோசிப்பார். டெட்ராசைக்ளின் பல்லைக் கறையாக்கும் என்ற பழைய பயத்துக்கு ஆதாரம் உண்டு, ஆனால் பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தே அதைப் பிடித்துக்கொள்வதால் குழந்தைக்குச் சேர்வது சொற்பம். சில நாள் சிகிச்சைக்குப் பாலை நிறுத்த வேண்டாம், மாதக்கணக்கில் என்றால் வேறு மருந்து பார்க்கலாம். எந்த ஆன்டிபயாட்டிக் என்றாலும் குழந்தைக்குச் சற்று இளக்கமாகப் போகலாம், வாயில் வெண்படலம் கட்டலாம், அபூர்வமாகத் தோலில் தடிக்கலாம். அதைக் கவனித்துச் செவிலியரிடம் சொன்னால் போதும்.

பயப்பட வேறு காரணம் இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டாம். ஆன்டிபயாட்டிக்கைத் தேவையில்லாமல் தின்பது குற்றம்தான். எளிதில் எதற்கும் மசியாத என்டிஎம்-1 மரபணு கொண்ட கிருமிகளைப் பற்றி 2010இல் லான்செட் குழும இதழில் வந்த கட்டுரை உலகத்தைக் கலக்கியது. அதில் சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளும் இருந்தன. 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடி ஆன்டிபயாட்டிக் கட்டுப்பாட்டுக்குச் சென்னைப் பிரகடனம் என்று ஒன்றை எழுதின. 2014 மார்ச் முதல் குறிப்பிட்ட சில மருந்துகளை விற்றால் எழுதிய மருத்துவர் பெயரையும் வாங்கியவர் பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மருந்துக் கடையில் கத்தரியை எடுத்து அட்டையிலிருந்து நான்கு மாத்திரையை வெட்டிக் கொடுக்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதிவேட்டின் கதி தெரியும். தும்மலுக்கும் சளிக்கும் சீட்டு இல்லாமல் மாத்திரை கொடுக்கிற அதே கை, உண்மையிலேயே மாத்திரை வேண்டியவளிடம் பாலைப் பிடுங்குகிறது.

மாத்திரையை முந்தியில் முடிந்துகொண்ட பெண்ணிடம் திரும்பி வருகிறேன். அவளைத்தான் நம் ஊர் மெச்சும். வலியைப் பொறுத்துக்கொண்டாள், பிள்ளைக்காக மருந்தைத் துறந்தாள், தாய் என்றால் அவளல்லவா தாய். இந்தப் புகழ்ச்சிதான் கொலைகாரத்தனம். ஒருகாலத்தில் பிரசவ ஜன்னி என்றால் சாவுதான். 1847இல் வியன்னாவில் செம்மல்வெய்ஸ் மருத்துவர்களைக் கைகழுவச் சொல்லிச் சாவைக் குறைத்துக் காட்டினார், கேட்கத்தான் ஆளில்லை. 1936இல் லண்டன் குயின் ஷார்லட் மருத்துவமனையில் லெனார்ட் கோல்புரூக் சல்ஃபா மருந்தான புரோன்டோசிலைக் கொடுத்தபோது ஜன்னி கண்ட பெண்கள் பிழைத்து எழுந்தார்கள். அந்த மருந்துகளின் வாரிசுதான் அவள் முந்தியில் இருப்பது. அதை விழுங்காமல் அவள் காக்கும் பிள்ளைக்கு, கிருமி ரத்தத்தில் ஏறினால், பாலும் இருக்காது, தாயும் இருக்கமாட்டாள். அவள் உடம்புக்கு வைத்தியம் பார்ப்பது அவளுக்காக. பால் சுரக்கும் பாத்திரம் கெடக் கூடாதே என்பதற்காக இல்லை. பிள்ளையைச் சாக்காக வைத்துப் பெண்ணை நோயோடு விடுகிற இந்த வழக்கத்தைத் தாய்மை என்ற பெயரில் மெச்சுகிறவர் யாராயிருந்தாலும், முதலில் அவர் தன் பல்வலிக்கு மருந்தில்லாமல் ஒரு வாரம் இருந்து காட்டட்டும்.

கிராம சுகாதாரச் செவிலியர் மலையேறிப் போகிறபோது சொல்ல வேண்டியது நான்கு சொல்தான்: மாத்திரையும் போடு, பாலும் கொடு. மருத்துவர் சீட்டில் மருந்தின் பெயருக்குக் கீழே "பால் கொடுக்கலாம்" என்று தமிழில் எழுதினால் மைச்செலவு அதிகம் ஆகாது. கடைக்காரர் முதலில் கேட்க வேண்டியது "பிள்ளைக்கு எத்தனை நாள்? குறைமாசமா? மஞ்சக்காமாலை இருக்கா?" என்பதை. தாயும் தயங்காமல் கேட்கலாம்: "எந்த மருந்துங்க, எவ்ளோ எறங்கும்?" தெரியாது என்று பதில் வந்தால், தெரிந்தவரைப் பார்த்துவிட்டு நிறுத்தினாலும் காலம் போய்விடாது. இன்னும் கவலை தீராதவர்கள் ஒரு வேளை பால் கொடுத்து முடித்த கையோடு மாத்திரையை விழுங்கலாம். மருந்தைப் பொறுத்து, அடுத்த வேளைக்குள் அளவு கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

காசநோயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாலையும் பிள்ளையையும் பிரிப்பதில் ஊர் அதிக வேகம் காட்டுவது அங்கேதான். 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோயாளியை வீட்டிலிருந்து பிரித்துச் சானடோரியத்தில் வைத்தே ஆக வேண்டும் என்று உலகமே நம்பிய காலம். இவர்கள் பாதிப்பேரைச் சானடோரியத்திலும் பாதிப்பேரை அவரவர் நெரிசலான வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்து, வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானதை 1959இல் காட்டினார்கள். அதைவிட முக்கியம், வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் அதிகம் தொற்றவும் இல்லை. இன்று காசநோய் மருந்து எடுக்கும் தாய் முகக்கவசம் அணிந்து பாலூட்டலாம் என்பதே வழிகாட்டுதல். ஆறு மாதம் தினமும் மாத்திரை விழுங்குகிறாள், ஆறு மாதமும் பிள்ளை அவள் பாலைக் குடிக்கிறது. அந்தப் பாலில் மருந்து இருக்கிறதா? இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்றால், குழந்தையை நோயிலிருந்து காக்கக்கூடப் போதாத அளவு. அதனால்தான் குழந்தைக்குத் தடுப்பு மருந்தாக ஐசோனியாசிடைத் தனியே எடைபார்த்து, ஆறு மாதம் கொடுக்கிறார்கள்.